வேறொரு நாட்டுக்காக கிரிக்கெட் ஆடப் போகிறீர்களா? முதலில் தேதிகளை எண்ணுங்கள்

நான் இடது கை சுழற்பந்து வீச்சாளன். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலில் (ஐசிசி) டெஸ்ட் ஆடும் தகுதி இல்லாத ஓர் இணை உறுப்பு நாட்டுக்காகச் சில ஆட்டங்கள் ஆடிவிட்டு, வேலை நிமித்தமாக இன்னோர் இணை உறுப்பு நாட்டுக்குக் குடிபெயர்ந்தேன். மூன்று ஆண்டுகள் கழித்துப் புதிய அணிக்கு ஆடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நாட்காட்டியில் ஒரு தேதியை வட்டமிட்டு வைத்தேன். அந்தத் தேதி வந்தது, போனது. நான் ஆடியதோ குடிபெயர்ந்த ஐந்தாம் ஆண்டில். நடுவில் வீணான காலத்துக்கு என் தோள்பட்டையோ தேர்வாளர்களோ காரணமில்லை. விதிகளை முழுதாகப் படிக்காமல், ஓய்வறையில் கேட்டதை நம்பியதுதான் காரணம். அதே பள்ளத்தில் இன்னொருவர் விழ வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இது ஆண்கள், பெண்கள் இருவருக்கும் பொருந்தும். ஒரு நாட்டுக்காகவும் ஆடாதவர்கள் இரண்டாம், மூன்றாம் படிகளை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

1. எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஐசிசி திறந்து வைத்திருக்கும் வாசல்கள் மூன்று. அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும்; அல்லது அந்த நாட்டின் குடியுரிமை இருக்க வேண்டும்; அல்லது ஆட்டத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக அந்த நாடே உங்கள் நிரந்தர, முதன்மை வசிப்பிடமாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போதும்.

பிறப்பு வாசல் எளிது. பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பேசிவிடும். அங்கே பிறந்து மூன்று மாதக் குழந்தையாகக் கிளம்பியவருக்கும் அது பொருந்தும். டிம் டேவிட் சிங்கப்பூரில் பிறந்தவர், வளர்ந்தது ஆஸ்திரேலியாவில், முதலில் ஆடியது சிங்கப்பூருக்கு.

குடியுரிமை வாசலில் பாஸ்போர்ட்தான் பேசும். பெற்றோர் வழியாகவோ தாத்தா பாட்டி வழியாகவோ குடியுரிமை கோர முடியுமா என்று முதலில் பாருங்கள். பலர் இதை விசாரிக்காமலேயே மூன்று ஆண்டுகள் குடியிருக்கக் கிளம்பிவிடுகிறார்கள். டேவிட் வீசாவின் தந்தை நமீபியாவில் பிறந்தவர். அந்தத் தொடர்புதான் தென்னாப்பிரிக்க அணியிலிருந்து அவரை 2021 டி20 உலகக் கோப்பையின் நமீபிய அணிக்குக் கொண்டுவந்தது. நியூசிலாந்தின் முன்னாள் வீரர் ராஸ் டெய்லருக்குத் தாய்வழியில் சமோவா கிடைத்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில நாடுகள் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியா அவற்றில் ஒன்று. புதிய பாஸ்போர்ட் கையில் வந்தால் பழைய குடியுரிமை போய்விடும். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்று பெயர் பொறித்த அட்டை குடியுரிமை ஆகாது. அதைக் காட்டி இந்தியாவுக்காக ஆட முடியாது. விளையாட்டுக்காக மட்டும் குடியுரிமையை மாற்ற நினைப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு முறைக்கு இரு முறை பேசிவிடுவது நல்லது. குடியிருப்பு வாசலில் இந்தச் சிக்கல் இல்லை. பாஸ்போர்ட்டை மாற்றாமலேயே நுழையலாம்.

இன்னொரு பொறி: ஒரே பாஸ்போர்ட்டுக்குள் பல அணிகள் இருக்கும் இடங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஜெர்சித் தீவு, குர்ன்சித் தீவு எல்லாம் தனித்தனி கிரிக்கெட் அணிகள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டி எது வேண்டுமோ எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல நினைக்காதீர்கள். பிறந்த இடம், பெற்றோரின் பிறப்பு, வசிப்பு ஆகியவற்றுக்கான தாள்களையும் சேர்த்தே வைத்திருங்கள்.

குடியிருப்பு வாசலில் எல்லோரும் சறுக்குவது ‘முந்தைய’ என்ற சொல்லில். ஆட்ட நாளிலிருந்து பின்னோக்கி, இடைவெளி இல்லாத மூன்று ஆண்டுகள் வேண்டும். பள்ளிப் பருவத்தில் பத்து ஆண்டுகள் அங்கே வளர்ந்தேன், பிறகு வெளியே போனேன், இப்போது திரும்பி வந்து ஆறு மாதம் ஆகிறது என்பவருக்குக் கணக்கில் சேர்வது அந்த ஆறு மாதம் மட்டும்தான்.

2. நீங்கள் செல்லும் திசையைப் பாருங்கள்

ஏற்கெனவே ஒரு நாட்டுக்காக ஆடியிருந்தால் இரண்டாவது கேள்வி எழும்: காத்திருப்புக் காலம் உண்டா? பழைய நாட்டுக்காக ஆடிய கடைசி சர்வதேச ஆட்டத்திலிருந்து மூன்று ஆண்டுகள் என்பதே பொது விதி. முழு உறுப்பு (டெஸ்ட் ஆடும்) நாட்டிலிருந்து இன்னொரு முழு உறுப்பு நாட்டுக்கும், முழு உறுப்பு நாட்டிலிருந்து இணை உறுப்பு நாட்டுக்கும், இணை உறுப்பு நாடுகளுக்குள்ளேயும் அதுதான்.

ஒரு திசைக்கு மட்டும் விலக்கு. இணை உறுப்பு நாட்டிலிருந்து முழு உறுப்பு நாட்டுக்குப் போனால் காத்திருக்கத் தேவையில்லை. முதல் படியில் சொன்ன மூன்று வாசல்களில் ஒன்று திறந்திருந்தால், போன வாரம் இங்கே ஆடியவர் இந்த வாரம் அங்கே ஆடலாம். 2009 ஜூனில் டிர்க் நானஸ் நெதர்லாந்து சட்டையில் டி20 உலகக் கோப்பை ஆடினார். இங்கிலாந்தை லார்ட்ஸில் வீழ்த்திய அணியில் இருந்தார். அந்த ஆகஸ்டிலேயே ஆஸ்திரேலியச் சட்டை.

முழு உறுப்பு நாடுகள் 12. இணை உறுப்பு நாடுகள் 90-க்கும் மேல். மேலே ஏறுவதற்குக் கதவு இல்லாத வாசல், கீழே இறங்குவதற்கு மூன்று ஆண்டுப் பூட்டு. வீரனின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது: உலகக் கோப்பையையே எட்ட முடியாத அணியில் பிறந்தவனைக் கட்டிப்போடக் கூடாது. அணியின் பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு எரியும். பதினான்கு வயதிலிருந்து வளர்த்த தொடக்க ஆட்டக்காரர் ஒரு தொலைபேசி அழைப்பில் போய்விடுவார். இழப்பீடு என்று எதுவும் வராது. 2007 மார்ச் 30 அன்று கயானாவில் இங்கிலாந்தும் அப்போது இணை உறுப்பு நாடாக இருந்த அயர்லாந்தும் உலகக் கோப்பையில் மோதின. அயர்லாந்துக்காரரான எட் ஜாய்ஸ் இங்கிலாந்துக்காக இறங்கி 1 ரன்னில் போல்டானார். பந்துவீசியவர் அயர்லாந்தின் பாய்டு ராங்கின். அதே அயர்லாந்து அணியில் அன்று ஆடியவர் ஓயின் மார்கன். பிறகு மார்கன் இங்கிலாந்துக்குப் போய் 2019-இல் உலகக் கோப்பையை ஏந்தினார். ராங்கினும் இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடினார். ஜாய்ஸும் ராங்கினும் பின்னாளில் அயர்லாந்துக்கே திரும்பினார்கள். ஒரு ஆட்டத்தில் மூன்று பேர். அயர்லாந்து எத்தனை ஆண்டுகள் அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே இணை உறுப்பு நாட்டிலிருந்து மேலே போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. போவது சுலபம் என்பதால் திரும்புவதும் சுலபம் என்று எண்ண வேண்டாம். முழு உறுப்பு நாட்டுக்காக ஒரே ஒரு டி20 ஆடிவிட்டு அணியிலிருந்து நீக்கப்பட்டாலும், பழைய அணிக்குத் திரும்ப அந்த ஒற்றை ஆட்டத்திலிருந்து மூன்று ஆண்டுகள். காத்திருப்பு இப்போதைவிட நீளமாக இருந்த அந்நாளில், ஜாய்ஸுக்கு ஐசிசி விலக்கு அளித்ததுதான் அவர் 2011 உலகக் கோப்பையில் அயர்லாந்துக்கு ஆட வழிசெய்தது. விலக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள். அது கேட்டால் கிடைக்கும் பொருள் அல்ல.

3. இரண்டு கடிகாரங்களையும் ஒரே தாளில் எழுதுங்கள்

குடியிருப்புக் கடிகாரம் ஒன்று, காத்திருப்புக் கடிகாரம் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும் என்பதில்லை. பழைய நாட்டுக்கான கடைசி ஆட்டம் 2024 மார்ச் 10, புதிய நாட்டில் வீடு எடுத்தது 2024 செப்டம்பர் 1 என்று வையுங்கள். காத்திருப்பு 2027 மார்ச் 10-இல் தீரும். குடியிருப்பு 2027 செப்டம்பர் 1-இல் நிறையும். பின்னால் வருவதே உங்கள் தேதி. உங்களிடம் புதிய நாட்டின் பாஸ்போர்ட் இருந்தால் செப்டம்பரை மறந்துவிடலாம். மார்ச் மட்டும் போதும்.

இப்போது என் கதை. குடிபெயர்ந்து பதினெட்டு மாதங்கள் ஆன ஒரு பிப்ரவரியில் பழைய அணியின் மேலாளர் அழைத்தார். அண்டை நாட்டுடன் நட்புத் தொடர், இரண்டு ஆட்டங்கள், ஆள் பற்றவில்லை, பத்துப் பேர்தான் இருக்கிறோம், விடுமுறையில் வந்தது போல் வந்து வீசிவிட்டுப் போ என்றார். போனேன். மைதானத்தில் பார்வையாளர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். எல்லைக் கயிறு ஒரு பக்கம் தீர்ந்துபோய் அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். முதல் ஆட்டத்தில் 3 ஓவர், 26 ரன், விக்கெட் இல்லை. இரண்டாவதில் பந்தே கிடைக்கவில்லை. அன்றிரவு இணையத்தில் ஸ்கோர் அட்டையைத் திறந்தேன். மேலே ‘சர்வதேச டி20’ என்று இருந்தது.

பெண்கள் அணிகளுக்கு 2018 ஜூலை 1 முதலும், ஆண்கள் அணிகளுக்கு 2019 ஜனவரி 1 முதலும், ஐசிசி உறுப்பு நாடுகளுக்கு இடையிலான டி20 ஆட்டங்களுக்குச் சர்வதேசத் தகுதி உண்டு. நட்புத் தொடர் என்று வாயால் சொல்வதற்கும் பதிவேட்டில் விழுவதற்கும் சம்பந்தமில்லை. பந்தே வீசாத அந்த இரண்டாவது ஆட்டத்திலிருந்து என் மூன்று ஆண்டுகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கின. 26 ரன் கொடுத்ததற்கு ஒன்றரை ஆண்டு தண்டனை என்று கிளப் நண்பர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள்.

காத்திருப்புக் காலத்தில் பழைய அணி அழைத்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஆட்டத்துக்குச் சர்வதேசத் தகுதி இருக்கிறதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். மேலாளருக்கே தெரியாமல் இருக்கலாம். என் மேலாளருக்குத் தெரியாது.

கிளப் ஆட்டங்களும் தனியார் லீக் ஆட்டங்களும் காத்திருப்புக் கடிகாரத்தைக் கலைக்காது. ஆனால் வெளிநாட்டு லீக்கில் கழியும் ஒவ்வொரு வாரமும் குடியிருப்புக் கணக்கைத் தின்னும். இளையோர் அணிக்காக ஆடியிருந்தால் அதையும் பட்டியலில் எழுதுங்கள்; மறைக்க ஒன்றுமில்லை. சௌரப் நேத்ரவல்கர் 2010-இல் இந்தியாவின் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை அணியில் ஆடியவர். 2024 ஜூன் 6 அன்று டல்லாஸில் பாகிஸ்தானுக்கு எதிரான சூப்பர் ஓவரை அமெரிக்காவுக்காக வீசியவரும் அவரே. அந்த அமெரிக்க அணியில் நியூசிலாந்தின் முன்னாள் வீரர் கோரி ஆண்டர்சனும் இருந்தார். கீழே இறங்கி வரும் இப்படிப்பட்டவர்கள்தான் சிறிய அணிகளைச் சட்டென்று உயர்த்திவிடுகிறார்கள். அதே நேரத்தில் உள்ளூரில் வளர்ந்த ஒருவரின் இடமும் போகிறது. நானும் அப்படி ஒருவரின் இடத்தில்தான் ஆடினேன் என்பதை மறைப்பானேன்.

4. நாட்டின் சொந்த விதியைத் தனியாகக் கேளுங்கள்

ஐசிசி விதி அடித்தளம்தான். அதற்கு மேல் ஒவ்வொரு வாரியமும் தன் பங்குக்குக் கடுமையாக்கிக்கொள்ளலாம். இங்கிலாந்து வாரியம் நீண்ட காலம், 18 வயதுக்குப் பிறகு குடியேறியவர்களிடம் ஏழு ஆண்டுக் குடியிருப்பைக் கேட்டது. 2019 தொடக்கத்திலிருந்து அதை மூன்றாகக் குறைத்தது. ஆண்டுக்கு 210 நாட்கள் அங்கே இருக்க வேண்டும் என்று நாள் கணக்கையும் வைத்தது. பார்படாஸில் பிறந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த ஜோஃப்ரா ஆர்ச்சர், அந்த மாற்றத்தால்தான் 2019 மே மாதம் அறிமுகமாகி அந்த ஆண்டே உலகக் கோப்பையின் சூப்பர் ஓவரை வீசினார். பழைய விதி நீடித்திருந்தால் 2022 வரை காத்திருந்திருப்பார். கவனியுங்கள், அவரிடம் பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தது. அப்படியும் வாரியத்தின் சொந்த விதி அவரை நிறுத்தி வைத்தது.

உங்கள் வாரியத்திடம் கேட்க வேண்டியவை: நாள் கணக்கு உண்டா? ஆண்டு என்பது எந்த மாதத்தில் தொடங்குகிறது? உள்ளூர்ப் போட்டிகளில் இத்தனை ஆட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா?

5. தாள்களைச் சேர்க்கும் வேலையை முதல் நாளே தொடங்குங்கள்

மூன்றாம் ஆண்டின் இறுதியில் உட்கார்ந்து முதலாம் ஆண்டின் மின்கட்டண ரசீதைத் தேடுவது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். நான் வந்த புதிதில் ஒரு நண்பரின் வீட்டில் அறை எடுத்துக்கொண்டேன். ஒப்பந்தம் அவர் பெயரில், மின்சாரம் அவர் பெயரில், இணைய இணைப்பும் அவர் பெயரில். முதல் எட்டு மாதங்கள் நான் அந்த ஊரில் மூச்சுவிட்டதற்கே சான்று இல்லை. நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ, நட்புத் தொடர் என் தேதியை அதற்கும் அப்பால் தள்ளிவிட்டிருந்ததால் இந்த எட்டு மாதம் எனக்குப் பொருட்படவில்லை. உங்களுக்குப் பொருட்படும்.

சேர்க்க வேண்டியவை:

- பிறப்புச் சான்றிதழ். வேற்று மொழியில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பும்.
- பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும். காலாவதியான பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறிய வேண்டாம். நுழைவு முத்திரைகள் அதில்தான் இருக்கும்.
- விசா அல்லது வசிப்பு அனுமதி, புதுப்பித்த ஒவ்வொரு முறைக்குமான நகல். இரண்டு அனுமதிகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
- உங்கள் பெயரிலான வாடகை ஒப்பந்தம், மாதாந்திர ரசீதுகள், வரித் தாக்கல், சம்பளச் சீட்டு.
- பயண அட்டவணை: எந்தத் தேதியில் வெளியேறினேன், எப்போது திரும்பினேன், எதற்காக. விமான டிக்கெட்டோடு சேர்த்து.
- ஆடிய எல்லாப் பிரதிநிதித்துவ ஆட்டங்களின் பட்டியல், தேதியுடன்.

பயண அட்டவணையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பல விமான நிலையங்களில் இப்போது முத்திரை குத்துவதே இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றே எழுதிவிடுங்கள். நான் மின்னஞ்சலில் பழைய டிக்கெட்டுகளைத் தோண்டி எடுக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

பெயர் எழுத்துக்களும் தொல்லை தரும். பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக, ஸ்கோர் அட்டையில் செல்லப்பெயர் என்று இருந்தால் மூன்றும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தயாராக இருக்கட்டும்.

6. வாரியம் வழியாகத்தான் போக வேண்டும்

ஐசிசிக்கு நீங்களே எழுதிப் பயனில்லை. தகுதியுள்ளவரைத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று பொறுப்பேற்க வேண்டியது தேசிய வாரியம். சிறிய நாடுகளில் அந்த வாரியம் என்பது பெரும்பாலும், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் மின்னஞ்சல் திறக்கும் ஒரு செயலாளர். அவரை எரிச்சலூட்டாமல் வேலை வாங்குவது தனிக் கலை. தாள்களை ஒரே கோப்பாக, தேதி வரிசையில், முதல் பக்கத்தில் அரைப் பக்கச் சுருக்கத்தோடு கொடுங்கள். எந்த வாசல், எந்தத் தேதி முதல் தகுதி, எந்தப் பக்கத்தில் சான்று: இவ்வளவு போதும். நான் முதலில் 41 தனித்தனிப் படங்களாகக் கைபேசியிலிருந்து அனுப்பினேன். பதிலே வரவில்லை. கோப்பாக்கி அனுப்பிய மறுவாரம் வந்தது.

தகுதி பெறும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். தகுதிச் சுற்றுக்கு அணி அறிவிக்கும் வாரத்தில் கொடுத்தால், சந்தேகமுள்ள ஒருவரை வைத்துக்கொண்டு யாரும் ரிஸ்க் எடுக்க மாட்டார்கள்.

7. செலவு

விண்ணப்பத்தை விட அதைச் சுற்றியுள்ளவைதான் பணத்தைக் கேட்கும்: மொழிபெயர்ப்பு, நோட்டரி, சான்றிதழ் நகல், கூரியர், விசா புதுப்பிப்பு. குடியுரிமை வழியாகப் போனால் அதற்கான அரசுக் கட்டணம் தனி. எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு, சம்பளமில்லா விடுப்பு. இணை உறுப்பு நாடுகள் பலவற்றில் ஆடுவதற்கு ஊதியம் கிடையாது அல்லது பெயரளவுக்குத்தான் உண்டு. இதில் போட்ட பணம் திரும்பும் என்று கணக்குப் போட வேண்டாம். தகுதி வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் முகவர்களிடம் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். இந்த வேலையில் அவர்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

8. வயதும் ஒலிம்பிக்கும்

15 வயது நிறையாதவர்கள் சர்வதேச ஆட்டங்களில் ஆட முடியாது என்று ஐசிசி 2020-இல் விதித்தது. விதிவிலக்கான சூழலில் வாரியம் கேட்டுப் பார்க்கலாம்.

ஒலிம்பிக் கனவு இருப்பவர்கள் முதல் படிக்கே திரும்புங்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் பிரிவுகளில் தலா ஆறு அணிகள் டி20 ஆடுகின்றன. ஒலிம்பிக் சாசனத்தின் 41-ஆம் விதி குடியுரிமையைக் கேட்கிறது; குடியிருப்பு மட்டும் செல்லாது. ஐசிசி விதிப்படி மூன்று ஆண்டு வசித்து அணியில் நிலைபெற்ற ஒருவர், பாஸ்போர்ட் இல்லாததால் ஒலிம்பிக் அணியிலிருந்து விலக நேரும். அதை விடச் சிக்கலில் இருப்பது வெஸ்ட் இண்டீஸ். பல நாடுகள் சேர்ந்த கிரிக்கெட் அணி அது, ஒலிம்பிக்கில் அந்தப் பெயரில் ஒரு நாடே இல்லை.

புதிய அணிக்கு முதல் ஆட்டம் ஆடி முடித்த பிறகும் கோப்பைக் கலைக்காதீர்கள். என்னுடையது இன்னும் அலமாரியில் இருக்கிறது. பயண நோட்டில் கடைசியாக எழுதியது போன மாதம்.